ஸ்பூனிலிருந்து கிராமுக்கு: மசாலா அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குச் சாம்பார் பொடி, ரசப் பொடி, கறிமசாலா எல்லாம் நானே வறுத்து மிஷினில் கொடுத்து அரைப்பது வழக்கம். சொந்தக்காரர்கள் கேட்டால் அவர்களுக்கும் சேர்த்து அரைப்பேன். பொடி வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வாரம் போன் போட்டு அளவு கேட்பார்கள். கிராமில் சொன்னால் "ஸ்பூனில் சொல்லுங்க" என்பார்கள், ஸ்பூனில் சொன்னால் "கடையில் எவ்வளவு வாங்கணும், கிராமில் சொல்லுங்க" என்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு டீஸ்பூன் என்றால் எத்தனை கிராம்?

எதை அள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டீஸ்பூன் என்பது 5 மில்லி. அது இடத்தின் அளவு, எடை இல்லை. அந்த 5 மில்லியில் தண்ணீர் ஊற்றினால் 5 கிராம். தூள் உப்பு போட்டால் 6 கிராம் வரை போகும். வெந்தயம் 3½ கிராமைத் தாண்டும். முழு மல்லி (தனியா) போட்டால் 2 கிராம்கூட நிற்காது.

காரணத்தை மல்லியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். உருண்டையாக இருக்கும், ஆனால் உள்ளே பாதி வெற்றிடம். நசுக்கினால் இரண்டு ஓடாகப் பிரியும். ஒரு மல்லிக்கும் அடுத்த மல்லிக்கும் நடுவிலும் காற்றுதான். வெந்தயம் அப்படியில்லை, குட்டிக் கல் மாதிரி கெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். அதனால்தான் ஒரே ஸ்பூனில் ஒன்று இரண்டு மடங்கு கனக்கிறது. "எல்லா மசாலாவுக்கும் ஸ்பூனுக்கு 5 கிராம்" என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பி மிளகாயோ வெந்தயமோ போட வேண்டாம்.

சரி, பொருள்வாரியாக ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.

5 மில்லி டீஸ்பூன், தலைதட்டி அளந்தது, கிராமில்:

முழு மல்லி – 1.8
சீரகம் – 2.1
சோம்பு – 2
மிளகு, முழுசாக – 2.9
மிளகுத் தூள் – 2.3
வெந்தயம் – 3.7
கடுகு – 3.5 வரை
கசகசா – 2.8
மஞ்சள் தூள் – 3
மிளகாய்த் தூள் – 2 முதல் 2.7
ஏலக்காய்த் தூள் – 2
பட்டைத் தூள் – 2.6
தூள் உப்பு – 6

டேபிள்ஸ்பூன் என்றால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், 15 மில்லி. இந்த எண்களைத் தங்கம் நிறுக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள் தூள் எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது, மிளகாயில் விதை எவ்வளவு, டப்பா அலமாரியில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து பத்தில் இரண்டு பங்கு ஏறி இறங்கும். மில்லிலிருந்து சூடாக வந்த மிளகாய்த் தூளை ஒருமுறை அளந்தேன். பஞ்சு மாதிரி உப்பி ஸ்பூனுக்கு 2.1 கிராம்தான் நின்றது. பாட்டிலில் போட்டு, தரையில் நாலு தட்டுத் தட்டி, ஒரு வாரம் கழித்து அதே ஸ்பூனில் அள்ளினால் 2.7. பொடி மாறவில்லை, நடுவில் இருந்த காற்றுதான் போயிருக்கிறது.

என் வீட்டு ஸ்பூனில் இந்தக் கணக்கு வரவே இல்லையே?

வராது. அஞ்சறைப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்பூன் டீஸ்பூன் இல்லை, அதைவிடச் சின்னது. காபி கலக்குகிற ஸ்பூன் ஒவ்வொரு செட்டிலும் ஒவ்வொரு அளவு.

என் அஞ்சறைப்பெட்டி ஸ்பூனை நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கிண்ணத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, அந்த ஸ்பூனால் பத்து முறை தண்ணீர் ஊற்றினேன். 30 கிராம் வந்தது. ஆக ஸ்பூன் 3 மில்லி. அப்புறம் மிளகாய்த் தூள். தலைதட்டி எடுத்தால் 1.4 கிராம். வழக்கமாக நான் குழம்புக்கு எடுக்கிற மாதிரி கோபுரமாக அள்ளினால் 3.1 கிராம். இத்தனை வருஷமும் "ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள்" என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இந்தச் சின்ன ஸ்பூனின் கோபுர அளவு. கேட்டவர்கள் தங்கள் பெரிய ஸ்பூனில் கோபுரமாக அள்ளினால் கண்ணில் தண்ணீர் வராமல் என்ன செய்யும்?

தராசு வாங்கினால் முதல் வேலையாக இந்தத் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் மட்டும்தான் எத்தனை மில்லியோ அத்தனை கிராம். ஸ்பூன், டம்ளர், குழிக்கரண்டி, பாட்டி கொடுத்த ஆழாக்கு எல்லாவற்றையும் அதிலேயே அளந்து, அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிடலாம்.

சமையல் குறிப்பில் வெறும் "ஸ்பூன்" என்று போட்டிருந்தால் தலைதட்டியா, கோபுரமாகவா?

எழுதியவர் யார் என்று பாருங்கள். அளவுக் கரண்டி செட் வைத்துச் சமைக்கிறவர்கள், "டீஸ்பூன்", "டேபிள்ஸ்பூன்" என்று பிரித்து எழுதுகிறவர்கள், பெரும்பாலும் தலைதட்டித்தான் அளப்பார்கள். "ரெண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள்" என்று வாயால் சொல்கிறவர்கள் கோபுரமாகத்தான் போடுவார்கள். நம் வீடுகளில் தலைதட்டுகிற பழக்கம் அரிசி அளக்கும்போதுதான் உண்டு, பொடிக்குக் கிடையாது.

கோபுரம் என்பது தலைதட்டியதில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை இருக்கும். பொடி நைசாக இருந்தால் கோபுரம் உயரமாக நிற்கும். கடுகு, வெந்தயம் மாதிரி வழுக்கிற பொருளில் கோபுரமே நிற்காது, உருண்டு விழுந்துவிடும். அதனால் கடுகைக் கோபுரமாக அள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது. மிளகாய்த் தூள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

பாட்டி நோட்டில் படி, ஆழாக்கு, பலம் என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது?

இதில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் முகத்தல் அளவு, அதாவது இடத்தின் அளவு. பலம், சேர், வீசை எல்லாம் நிறுத்தல் அளவு, எடை. பலம் சுலபம்: மூன்று தோலா ஒரு பலம், ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. 1956இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்து, கடைகளில் கிலோ புழக்கத்துக்கு வந்த பிறகும் வீடுகளில் பலமும் வீசையும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தன. என் சின்ன வயதில்கூடப் புளியை வீசைக் கணக்கில் பேசுவார்கள்.

முகத்தல் அளவில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. எங்கள் பக்கம் நாழியைத்தான் படி என்போம். ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு என்றால் 168 மில்லி என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும், பெரிய படி சின்னப் படி என்றும் உண்டு. எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் 170 கிராம் பிடித்தது. உங்களிடம் பழைய அளவை இருந்தால் அதையே அளந்துவிடுவது உத்தமம்.

இப்போது நான் மாட்டிய கதை. பாட்டி நோட்டில் சாம்பார் பொடிக்கு இப்படி இருந்தது: தனியா 1 படி, மிளகாய் 10 பலம், து.பருப்பு 1 ஆழாக்கு, க.பருப்பு 1 ஆழாக்கு, மிளகு அரை ஆழாக்கு, வெந்தயம் கால் ஆழாக்கு, விரலி மஞ்சள் 1 பலம். ஒரு படி அரிசி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும் என்பது எனக்குத் தெரியும். அதே நினைப்பில் தனியாவையும் ஒரு கிலோ நூறு கிராம் வாங்கிப் போட்டேன். அரைத்து வந்த பொடி பார்க்க அழகாக, பச்சையும் பழுப்புமாக இருந்தது. சாம்பாரில் போட்டால் கூழ் மாதிரி கெட்டிப்பட்டது. காரமும் இல்லை, மணமும் தனியா மணம் மட்டும். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பொடி, ஆறு மாதம் கறிகளில் தூவித் தூவித் தீர்த்தோம்.

தனியா ஒரு படிக்கு அரை கிலோகூட வராது. சரியான கணக்கு இதுதான்: தனியா 450 கிராம், மிளகாய் 350, துவரம்பருப்பு 140, கடலைப்பருப்பு 140, மிளகு 50, வெந்தயம் 30, மஞ்சள் 35. எல்லாம் சேர்ந்து 1 கிலோ 200க்குக் கொஞ்சம் உள்ளே. இந்த அளவில் அரைத்தபோதுதான் பாட்டி வீட்டுச் சாம்பார் வாசனை திரும்பி வந்தது.

நோட்டை இன்னொரு முறை பாருங்கள். மிளகாயும் மஞ்சளும் மட்டும் பலத்தில் இருக்கின்றன, மற்றதெல்லாம் படியிலும் ஆழாக்கிலும். பாட்டி கைபோன போக்கில் எழுதவில்லை. படியில் நிரம்புகிறதைப் படியில் அளந்தார்கள், நிரம்பாததைத் தராசில் போட்டார்கள். மிளகாய் வற்றலையும் விரலி மஞ்சளையும் எந்தப் படியில் போட்டு அளப்பது?

ஆழாக்கெல்லாம் இல்லை, டம்ளர்தான் இருக்கிறது. டம்ளருக்கு எவ்வளவு?

200 மில்லி பிடிக்கிற டம்ளரில் தலைதட்டி அளந்தால், முழு மல்லி 65 முதல் 70 கிராம், சீரகம் 80 முதல் 85, மிளகு 115, வெந்தயம் 150, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 165 முதல் 170. எவர்சில்வர் டம்ளரை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் அதில் தண்ணீர் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காபி டம்ளர் 120இலும் உண்டு, 250 பிடிக்கிற தண்ணீர் டம்ளரும் உண்டு.

மிளகாய் வற்றலை எப்படி அளப்பது? "20 மிளகாய்" என்றால் எத்தனை கிராம்?

மிளகாயை டம்ளரில் அளப்பது வீண் வேலை. நீட்டு மிளகாய் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும். டம்ளர் நிறையத் தெரியும், எடை போட்டால் 25, 30 கிராமுக்கு மேல் இருக்காது. கொஞ்சம் அமுக்கினால் இன்னும் பத்து உள்ளே போகும். "ஒரு கப் மிளகாய்" என்று எழுதியிருக்கும் குறிப்பைப் பார்த்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

எண்ணிக்கை அதைவிடப் பரவாயில்லை, ஆனால் ரகத்தைச் சொல்ல வேண்டும். போன மாதம் நான் நிறுத்துப் பார்த்ததில் காம்பு கிள்ளிய நீட்டு மிளகாய் பத்து 8 கிராம். ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய் பத்து 11 கிராம். டப்பாவின் அடியில் கிடந்த போன வருஷத்துச் சின்ன மிளகாய் பத்து 6 கிராம். ஆக "20 மிளகாய்" என்பது 12 கிராமாகவும் இருக்கலாம், 22 கிராமாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டு மிளகாயில் பத்தை எடுத்து நிறுத்து, பத்தால் வகுத்து ஒரு தடவை குறித்துக்கொண்டால், அந்த மூட்டை தீரும்வரை கவலை இல்லை.

எடை ஒன்றாக இருந்தாலும் காரம் ஒன்றாக இருக்காது. 100 கிராம் குண்டூர் மிளகாயும் 100 கிராம் பேடகி மிளகாயும் தராசுக்கு ஒன்றுதான், நாக்குக்கு இல்லை. பேடகி நிறத்துக்கு, குண்டூர் காரத்துக்கு. குறிப்பில் ரகம் சொல்லாமல் கிராம் மட்டும் சொல்லியிருந்தால் முதல் தடவை முக்கால் பங்கு போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, காம்பு. காம்போடு வாங்கி, கிள்ளிவிட்டு அரைக்கிறோம். கிலோவுக்கு ஐம்பது அறுபது கிராம் காம்பிலேயே போய்விடும். பெரிய அளவில் அரைக்கும்போது காம்பு கிள்ளிய பிறகு எடை போடுங்கள்.

ஒரு ஸ்பூன் சீரகம் என்று இருக்கிறது, என்னிடம் சீரகத்தூள்தான் இருக்கிறது. அதே ஒரு ஸ்பூன் போடலாமா?

சீரகத்துக்குப் போடலாம், பெரிய வித்தியாசம் இல்லை. மிளகில் பார்த்துப் போட வேண்டும். முழு மிளகு ஒரு டீஸ்பூன் 2.9 கிராம், தூள் ஒரு டீஸ்பூன் 2.3. எடை கணக்கில் முழு மிளகு ஒரு ஸ்பூனுக்குத் தூள் ஒன்றேகால் ஸ்பூன் வர வேண்டும். ஆனால் தூள் உடனே காரத்தை விடும், முழு மிளகு பாதிக் காரத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், சாப்பிடுகிறவர் பொறுக்கி ஓரமாக வேறு வைப்பார். அதனால் பொங்கலுக்கு முழு மிளகு சொல்லியிருக்கும் இடத்தில் தூள் போட்டால், எடை எதுவாக இருந்தாலும் பாதியில் தொடங்குங்கள்.

பொடி அரைக்கும்போது இந்தக் குழப்பமே கிடையாது. 100 கிராம் சீரகம் அரைத்தால் 100 கிராம் பொடிதான், மிக்ஸி மூடியில் ஒட்டியது போக. ஸ்பூன்தான் மாறும், கிராம் மாறாது.

எடை போடுவது வறுப்பதற்கு முன்னாலா, பின்னாலா?

முன்னால். குறிப்புகளில் சொல்லும் எடை எல்லாம் வறுக்காத பொருளுக்குத்தான். வறுக்கும்போது ஈரம் போகும், வெயிலில் காயவைத்தாலும் போகும். மழைக்காலத்தில் வாங்கிய மல்லியில் ஈரம் கூடுதல், அதை இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்தாலே எடை குறைந்திருப்பதைப் பார்க்கலாம். நமத்துப்போன மிளகாயை நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. அதனால் வாங்கி, காயவைத்து, எடை போட்டு, அப்புறம் வறுப்பது என் முறை.

மிஷினில் கொடுத்து வாங்கும்போது பொடி கொஞ்சம் குறைந்துதான் வரும். உள்ளே ஒட்டிக்கொள்ளும். நமக்கு முன்னால் அரைத்தவருடைய மிளகாய் நம் பொடியிலும், நம்முடையது அடுத்தவருடையதிலும் கொஞ்சம் சேரும். அரை கிலோவுக்குக் கீழே கொடுத்தால் இந்தக் கலப்படம் நாக்கில் தெரிகிறது. ஒரு தடவை என் ரசப் பொடியில் பக்கத்து வீட்டுக் கறிமசாலா சோம்பு வாசனை அடித்தது. சின்ன அளவு என்றால் மிக்ஸியே மேல்.

என்ன தராசு வாங்குவது?

சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராம் கணக்கில் காட்டும், 5 கிலோவரை தாங்கும். பருப்பு, மல்லி, மிளகாய்க்கு அது போதும். ஆனால் 3 கிராம் வெந்தயத்தை அதில் நிறுக்க முடியாது. 2 என்று காட்டும், இன்னும் நாலு வெந்தயம் போட்டால் 3, ஊதினால் மறுபடியும் 2. சின்ன அளவுக்கு 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு தனியாக வேண்டும். அது பெரும்பாலும் 500 கிராமுக்கு மேல் தாங்காது. ஒன்றே போதும் என்றால், பத்து ஸ்பூன் அள்ளி நிறுத்துப் பத்தால் வகுக்கும் வழி இருக்கவே இருக்கிறது.

சிட்டிகை சிட்டிகையாக மெல்லத் தூவினால் சில டிஜிட்டல் தராசுகள் கவனிக்கவே கவனிக்காது, பூஜ்யத்திலேயே நிற்கும். கிண்ணத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் சரியான எடை தெரியும். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கையில் இருக்கிற காசு போதும். 2011இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். அப்படிப்பட்ட பத்தை வைத்தால் 38 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

"எலுமிச்சை அளவு புளி", "சுண்டைக்காய் அளவு பெருங்காயம்" எத்தனை கிராம்?

எலுமிச்சை அளவுப் புளி 25 முதல் 30 கிராம். நெல்லிக்காய் அளவு 10 கிராமை ஒட்டி. ஓட்டையும் கொட்டையையும் நீக்கிய புளியைச் சொல்கிறேன். ஆனால் பழைய புளியும் புதுப்புளியும் ஒரே புளிப்பு இல்லை, கறுத்த பழம்புளி தனி ரகம். இங்கே கிராம் உங்களைக் கரைசல்வரை கொண்டுவந்து விடும், அப்புறம் நாக்குதான்.

பெருங்காயத்தை எடை போட்டு மாற்றாதீர்கள். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கட்டியில் ஒரு கிராமும் தூளில் ஒரு கிராமும் ஒரே மணம் தராது. உங்களுக்குப் பழகிய டப்பாவின் அளவு உங்களுக்கு மட்டும்தான்.

பட்டை, கிராம்பு, ஏலக்காய்க்கு எண்ணிக்கையா, எடையா?

பிரியாணிக்கு எண்ணிக்கை. மசாலாப் பொடி அரைக்க எடை. கிராம்பு பத்து எடுத்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் உள்ளே. ஏலக்காய் ஐந்து ஒரு கிராம். "ஒரு இஞ்ச் பட்டை" என்பதுதான் வம்பு. கடையில் கிடைக்கும் கெட்டிப் பட்டை மரத்தோல் மாதிரி தடிமனாக இருக்கும். இலங்கைக் கறுவா காகிதம் சுருட்டினாற்போல மெல்லிசாக இருக்கும். ஒரே ஒரு இஞ்ச், எடை எங்கேயோ இருக்கும். யாழ்ப்பாணத்துக் குறிப்பில் கறுவா என்று இருந்தால் அந்த மெல்லிய சுருளைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குறிப்பு, ஆஸ்திரேலியக் குறிப்பு பார்த்துச் செய்கிறேன். கப்பும் டேபிள்ஸ்பூனும் ஒன்றுதானே?

இல்லை. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, நான்கு டீஸ்பூன். மற்ற இடங்களில் 15 மில்லி, மூன்று டீஸ்பூன். மெல்பர்னில் இருக்கிற தங்கை ஒரு டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள் என்று எழுதி அனுப்பினால் நமக்கு அது ஒன்றேகாலுக்கும் மேல். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அது கப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குறிப்பில் "சில்லி பவுடர்" என்று இருந்தால் அது நம் மிளகாய்த்தூள் இல்லை. சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ எல்லாம் கலந்த பொடி. அவர்கள் இரண்டு டேபிள்ஸ்பூன் போடச் சொல்வார்கள். நம் தூளை அப்படிப் போட்டால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கிராமாக மாற்றினாலும் இது சரியாகாது.

கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் போடலாமா?

கிராமில் என்றால் இரண்டும் ஒன்றுதான், ஸ்பூனில் இல்லை. தூள் உப்பு டீஸ்பூனுக்கு 6 கிராம். கல் உப்பு கட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் 5 கிராமோ அதற்கும் கீழேயோ நிற்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் கோஷர் உப்பு தயாரிப்பைப் பொறுத்து 3 கிராமாகவும் இருக்கும், 5 கிராமாகவும் இருக்கும்.

ஊறுகாயில் இது விளையாட்டு இல்லை. பழைய ஊறுகாய்க் குறிப்புகளில் படிக் கணக்கில் சொன்ன உப்பு கல் உப்பு. அதே படி தூள் உப்பைக் கொட்டினால் கடித்து உமிழத்தான் வேண்டும். பயந்து குறைத்துப் போட்டால் பூஞ்சை. ஊறுகாய்க்கு மாங்காய்த் துண்டு, உப்பு, மிளகாய்த்தூள் மூன்றையும் நிறுத்தே போடுகிறேன்.

நாலு பேருக்கான குறிப்பை நூறு பேருக்கு எப்படிப் பெருக்குவது?

ஸ்பூனில் பெருக்காதீர்கள். நாலு பேர் சாம்பாருக்கு மூன்று ஸ்பூன் பொடி, ஸ்பூனுக்கு ஒரு கிராம் கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. இருபத்தைந்தால் பெருக்கினால் அந்தத் தப்பு 75 கிராம். வீட்டில் நீங்கள் வழக்கமாகப் போடுவதை ஒருநாள் நிறுத்துப் பார்த்து, அதைப் பெருக்குங்கள். வந்த எடையில் முக்கால் பங்கை முதலில் போட்டு, கொதித்ததும் ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றுவது வீட்டு வாணலி மாதிரி இருக்காது, தாளிப்பும் அதே விகிதத்தில் தேவைப்படாது. மிளகாயும் உப்பும் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

சிட்டிகை என்றால் எத்தனை கிராம்?

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுப்பது. அதை நிறுக்க வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுது?

தண்ணீர்ச் சத்து உள்ளது என்பதால் தண்ணீரை ஒட்டியே வரும். தலைதட்டிய டீஸ்பூன் 5, 6 கிராம். பூண்டைப் பல் கணக்கில் சொன்னால் நாட்டுப் பூண்டா, கொடைக்கானல் மலைப்பூண்டா என்று கேளுங்கள். ஒரு பெரிய பல் மூன்று சின்னப் பல்லுக்குச் சமமாக இருக்கும்.

அப்படியென்றால் தினசரிச் சமையலுக்கும் தராசு வேண்டுமா?

வேண்டாம். தாளிக்கிற கடுகை நிறுத்துப் போடுகிறவர் வீட்டில் எண்ணெய் புகைந்துவிடும். நான் தராசை எடுப்பது பொடி அரைக்கும்போது, ஊறுகாய் போடும்போது, விசேஷத்துக்குப் பெரிய அளவில் சமைக்கும்போது, அப்புறம் யாருக்காவது குறிப்பு எழுதிக் கொடுக்கும்போது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. என் கை எனக்குத் தெரியும், கேட்கிறவருக்கு என் கை தெரியாது.

100 கிராம் சாம்பார் பொடி எத்தனை நாளைக்கு வரும்?

தலைதட்டிய டீஸ்பூன் இரண்டரை கிராம் என்று வைத்தால் 100 கிராமில் 40 ஸ்பூன். நாள் ஒன்றுக்கு மூன்று ஸ்பூன் போடும் வீட்டில் 13 நாள். கோபுரமாக அள்ளுகிற வீட்டில் ஒரு வாரம் தாண்டாது. எங்கள் வீட்டில் ஐந்து நாள்தான் வருகிறது, மாமியார் குழிக்கரண்டியால் அள்ளுகிறார்.